பிஷப்பின் ஒருசந்தி

மஞ்சக்குப்பம், கடலூர்
6 மார்ச் 2025

ஷாலினி அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தோடு கலைமணி டீச்சர் கையில் ஒரு கூண்டும் வரும். கூண்டுக்குள் நம் பிஷப் இருப்பார். டீச்சரை வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்காமல் முதலில் கூண்டை வாங்கி உள்ளே வையுங்கள். அவருக்கு வெயில் ஆகாது.

மூன்று வருடம் கழித்து எழுதுகிறாளே, மனம் மாறிவிட்டாளோ என்று ஆசைப்பட வேண்டாம். மாறவில்லை. காரியம் இருக்கிறது, எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நீங்கள் அழுவீர்கள், நான் கத்துவேன், இந்த விடுதிப் பெண்கள் எல்லாம் என் வார்டன் அறை வாசலில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அது வேண்டாம். கலைமணி சிதம்பரத்திலிருந்து தினம் ரயிலில் இங்கே பள்ளிக்கு வந்து போகிறாள். பதில் இருந்தால் அவளிடம் கொடுங்கள்.

பிஷப்பின் இடது சிறகு நுனியில் மஞ்சளாக ஒரு கட்டி. ஐப்பசி மழையில் கடலைப் பருப்பு அளவு இருந்தது. இப்போது புளியங்கொட்டை. அதை அவரே கொத்திக் கொத்தி ரத்தம் வரவழைத்துக்கொள்கிறார். இங்கே மாடு பார்க்கிற டாக்டரிடம் காட்டினேன். "இம்மாம் சின்னதுக்கு ஆபரேசனா? வேற ஒண்ணு வாங்கிக்கமா" என்றார். விடுதி சிஸ்டர், "ஆண்டவர் விட்ட வழி" என்றார். என் தம்பி லூயிஸ் சிரித்தே விட்டான். ஷாலினி கல்யாணமாகிப் போகும்போது நம் இரண்டு பேர் கையிலும் கொடுத்துவிட்டுப் போன உயிர், இந்தக் கொண்டைக்கிளி. ஆயர் தொப்பி மாதிரிக் கொண்டை விரித்து நிற்பதைப் பார்த்து பிஷப் என்று பெயர் வைத்ததே நீங்கள்தான். ஊரே சிரித்தாலும் அறுவை நடக்கும்.

உங்கள் ஊரில் தெற்கு வீதிப் பக்கம் வெண்மதி என்று ஒரு டாக்டர் இருக்கிறார். கிளி, குருவி எல்லாம் பார்க்கிறவர். கட்டியோடு சிறகு நுனியை எடுத்துவிடலாம், ஆனால் அதற்கு முன் உடம்பைத் தயார் செய்ய வேண்டும் என்கிறார். அடிக்கடி கொண்டுபோய்க் காட்டவும் வேண்டும். கடலூரிலிருந்து ஒவ்வொரு தடவையும் குலுங்கிக்கொண்டு போனால் கட்டி உடைந்துவிடுகிறது. ஆகவே இவர் சிதம்பரத்திலேயே தங்க வேண்டும். கலைமணி வீட்டில் இரண்டு பூனை. அதனால்தான் உங்கள் வீடு. வேறு காரணம் இல்லை.

இனி டாக்டர் சொன்னது. தினமும் காலையில் இரை வைப்பதற்கு முன் எடை பார்க்க வேண்டும். தராசு பைக்குள் இருக்கிறது. சூரியகாந்தி விதை வேண்டாம், கொழுப்பு. தினையும் முருங்கைக் கீரையும் கொடுங்கள். கொத்தமல்லி பிடிக்காது, கொடுத்தால் உங்கள் மேல் துப்புவார். சின்னத் துண்டில் அவரை மெதுவாகச் சுற்றி எடுத்துப் பழக்குங்கள். ஆபரேஷன் அன்று முதல் தடவையாகத் துண்டைப் பார்த்தால் பயத்திலேயே நெஞ்சு படபடத்துப் போய்விடுமாம். வீட்டில் சாம்பிராணி, ஊதுபத்தி, மெழுகுவர்த்திப் புகை எதுவும் கூடாது. மாதாவுக்குக்கூடக் கூடாது. பறவையின் மூச்சு நம் மூச்சு மாதிரி இல்லை, புகை உள்ளே போனால் மயக்க மருந்து தாங்காது.

உங்கள் இடுப்பு பெல்ட்டைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று தெரியும்.

இப்படிக்கு,
வியாகுலமேரி

*

மாதா துணை

சிதம்பரம்
10 மார்ச் 2025

பாசம் குறையாத வியாகுலத்துக்கு சந்தியாகு எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் சுகத்துக்காக மாதாவிடம் கேட்காத நாள் இல்லை. உன் எழுத்தை உறையின் மேல் பார்த்ததும் அதையே தடவிக்கொண்டு நின்றேன். "ஏன் மாமா, உள்ள இன்னா எழுதியிருக்குன்னு தெரியாமலே அழுவுறீங்க?" என்று கலைமணி கேட்டது. அழவில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிஷப் முதல் நாள் என்னைப் பார்த்துக் கொண்டையை விறைத்துக்கொண்டு சீறினார். உன்னிடம் மூன்று வருடம் இருந்தவர் அல்லவா, பழக்கம் அப்படித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயில் மணி அடித்தபோது பழையபடி கூடவே விசில் அடித்தார். தராசில் ஏற மாட்டேன் என்றார். நாலு தினையைத் தட்டில் போட்டேன், ஏறிவிட்டார். கொத்தமல்லியும் வைத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி.

சனிக்கிழமை மாதா சுரூபத்துக்குச் சாம்பிராணி போடாமல் இருந்தது இந்த வீட்டில் இதுதான் முதல் தடவை. அதற்கு மாதாவிடம் நீயே மன்னிப்புக் கேட்டுக்கொள்.

குமராட்சியில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தலும் சேரும் போட்டேன். சேர் இறக்கும்போது பழைய இடத்தில் கொஞ்சம் இழுத்தது. பெல்ட்டை இறுக்கிக் கட்டினேன், சரியாகிவிட்டது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இந்த ஆபரேஷன் கட்டாயம் வேண்டுமா? வேளாங்கண்ணி எண்ணெய் என்னிடம் ஒரு சீசா இருக்கிறது. ஒரு சொட்டு எடுத்துக் கட்டிமேல் தடவினேன். எனக்கு அது அமுங்கினாற்போலத்தான் தெரிகிறது. மயக்கம் என்பது பாதிச் சாவு வியாகுலம். ஆள் உடம்பே தாங்காது. என் அம்மா தம்பியைப் பெறப் போய் அந்த மேசையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை, உனக்குத் தெரியும். கை நிறையக்கூட இல்லாத இந்த உயிரையா கொண்டுபோய்ப் படுக்க வைப்பது? பாஸ்கா பண்டிகை முடியட்டும். அதற்குள் மாதா ஒரு வழி காட்டுவார்.

உன் கட்டிலுக்குத் துவைத்த விரிப்பு போட்டு வைத்திருக்கிறேன். சும்மா சொன்னேன்.

உன்
சந்தியாகு

*

மஞ்சக்குப்பம்
12 மார்ச் 2025

ஷாலினி அப்பாவுக்கு,

எண்ணெயா தடவினீர்கள்? இறகில் எண்ணெய் பட்டால் பறவைக்கு உடம்புச் சூடு நிற்காது. கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு இப்போதே வெண்மதி டாக்டரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். என் பங்கு திட்டை இங்கே வைத்திருக்கிறேன்.

பாஸ்கா முடியட்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் அந்த இரண்டு வருடமும் அப்படியே என் முன்னால் வந்து நின்றது. எனக்கு உதிரம் நிற்காமல் போனபோதும் இதைத்தான் சொன்னீர்கள். பாஸ்கா முடியட்டும், திருவிழா முடியட்டும், ஷாலினிக்குப் பிரசவம் ஆகட்டும். டாக்டர் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் உங்களிடம் ஒரு முடியட்டும் இருந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையல் செய்தேன். நீங்கள் எனக்காக மெழுகுவர்த்தி கொளுத்தினீர்கள். பாசம் இல்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. உங்கள் பாசம் உங்கள் பயத்துக்குக் குடை பிடிக்கிறது என்றுதான் சொன்னேன்.

கடைசியில் நானேதான் பையை எடுத்துக்கொண்டு கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "வூட்டுக்காரரு எங்கமா? கையெழுத்து போடணுமே" என்று நர்ஸ் கேட்டாள். "என் வயிறு, என் கையெழுத்து" என்று சொல்லி வாங்கிப் போட்டேன். மயக்கம் கொடுத்தார்கள். தூங்கினேன். எழுந்தேன். இன்றைக்கு அறுபது பெண்களை அதட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். பாதிச் சாவாம்!

அத்தை விஷயம் எனக்குத் தெரியும். ஐந்து வயசுப் பிள்ளையாக வெளியே நின்றீர்கள், அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உங்கள் மேல் இரக்கம்தான். ஆனால் அது நடந்து ஐம்பது வருடம் ஆகிறது. வெண்மதி எனக்கு விளக்கிச் சொன்னார். ஊசி இல்லையாம், சின்ன முகமூடி வழியாக வாயு. அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தினால் சற்று நேரத்தில் விழித்துக்கொள்ளும். அடியில் சூட்டுப் படுக்கை. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாராம். "ஆபத்தே இல்லன்னு சொல்ல மாட்டேன்மா. ஆனா கட்டிய வுட்டா ஒரு நாள் ரத்தம் போயே போயிடும்" என்றார். ஒளிக்காமல் சொல்கிற டாக்டரை நான் நம்புகிறேன்.

வருகிற 21, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபரேஷன். ப்ளஸ் டூ பரீட்சை நடக்கிறது, நான் வர முடியாது. டாக்டர் சொல்வதைச் சொன்னபடி செய்யுங்கள். உங்கள் பக்தியை அதில் கலக்காதீர்கள்.

விரிப்பை மடித்து வையுங்கள்.

வியாகுலமேரி

*

மாதா துணை

சிதம்பரம்
21 மார்ச் 2025, மாலை

வியாகுலத்துக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஷப் உயிரோடு இருக்கிறார். ஆபரேஷன் நடக்கவில்லை.

நேற்று டாக்டர் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. "காலையில இரை வச்சிடுங்க. ஏழு மணிக்கு தட்ட எடுத்துடுங்க. கழுத்துல இருக்க இரைப்பை காலியா இருக்கணும், இல்லன்னா மயக்கத்துல மேல வந்து மூச்சுல போயிடும்." நான் மறக்கவில்லை. ஆனால் இன்றைக்குத் தவக்கால வெள்ளி. நேற்று இரவு சாப்பாட்டிலிருந்தே நான் பிஷப்புக்காக ஒருசந்தி விரதம் பிடித்தேன். மனுஷனுக்கு ஆபரேஷன் என்றால் முந்தின நாளிலிருந்து பட்டினி. அந்தக் காலத்தில் பூசையில் நன்மை வாங்கவும் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. மூன்று மணி நேரம் நல்லது என்றால் ஒரு இரவு இன்னும் நல்லதுதானே என்று நினைத்தேன். நேற்று சாயங்காலமே தட்டை எடுத்துவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து இருப்போம் என்று அவரிடம் சொன்னேன். தண்ணீர் மட்டும் வைத்தேன்.

காலையில் அவர் கம்பில் இல்லை. கூண்டின் அடியில் பஞ்சு உருண்டை போல உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயில் மணி அடித்தது, விசில் இல்லை. தராசில் அவராக ஏறவில்லை, தூக்கி வைத்தேன். அப்போதுகூட நான் அதைப் பக்தி என்றுதான் நினைத்தேன், பார்த்துக்கொள்.

வெண்மதி டாக்டர் கையில் எடுத்துப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "எப்பொ சாப்ட்டுது?" நேற்று சாயங்காலம் என்றேன். "ஐயா, இது ஆளு இல்ல. இம்மாத்தூண்டு உடம்பு, ராவெல்லாம் காலியா கெடந்தா சர்க்கரை எறங்கிடும். நான் மயக்கம் குடுக்கவே தேவையில்ல, நீங்களே குடுத்துட்டீங்க" என்றார். வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். விளக்குச் சூட்டில் வைத்தார். மத்தியானம் பிஷப் கண்ணைத் திறந்து தினை கொத்தினார். அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவிட்டார்கள்.

நீ என்னைத் திட்டுவாய். திட்டு. ஆனால் நான் அவருக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அவரோடு நானும் பட்டினி கிடந்தேன். இதை வேறு எந்த வீட்டில், எவன் ஒரு குருவிக்காகச் செய்வான்?

நேற்று லால்பேட்டையில் நோன்பு திறப்பு விருந்துக்குச் சாமான் ஏற்றினேன். அதிலிருந்து அடிவயிறு சரியில்லை. வெறும் வயிறு வேறு. படுத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

சந்தியாகு

*

மஞ்சக்குப்பம்
22 மார்ச் 2025

ஷாலினி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை விடுதிப் படிப்பு ஹாலுக்கு வெளியே நின்று படித்தேன். கலைமணி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தாள்.

பிஷப்பை ஒருசந்தி பிடிக்க வைத்தீர்களா? அவர் எப்போது ஞானஸ்நானம் வாங்கினார்? ஒரு வாயில்லாத ஜீவன், பசிக்கிறது என்று சொல்ல வழியில்லாமல் கூண்டின் அடியில் கிடந்திருக்கிறது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து இருப்போம் என்று சொல்லியிருக்கிறீர்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. விடுதியில் ஒரு பெண்ணிடம் இதைச் சொன்னேன், அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அறைக்கு வந்து அழுதேன்.

இதில் ஆபரேஷனைத் தள்ளிப்போடும் ஆசை கொஞ்சமாவது இருந்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம். கடவுளிடமும் சொல்ல வேண்டாம், அவரை நீங்கள் ஏற்கெனவே நிறையத் தொந்தரவு செய்துவிட்டீர்கள்.

பிஷப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியாது. 28-ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் பரீட்சை. அவர்களை எழுப்பி, சாப்பிட வைத்து, பயத்தில் வாந்தி எடுப்பவளைத் தேற்றி அனுப்ப என்னை விட்டால் ஆள் இல்லை. ஆகவே மறுபடியும் நீங்கள்தான். எனக்கு இஷ்டமில்லை, இருந்தாலும் நீங்கள்தான்.

இந்தத் தடவை ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பக்கத்தில் லூயிஸ் இருந்தான். "மச்சான் வேளாங்கண்ணி போயிருக்காருக்கா" என்றான். நீங்கள் அங்கே மணலில் முழங்காலில் நடந்துகொண்டிருந்தீர்கள். மறுநாள் மொட்டைத் தலையும் தோல் உரிந்த முட்டியுமாக எண்ணெய்ச் சீசாவைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். எல்லோரும் "எப்பேர்ப்பட்ட புருசன்!" என்றார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், நீங்கள் அந்தக் கதவுக்கு முன்னால் நிற்க முடியாமல் ஓடிப்போனீர்கள் என்று. நான் வீட்டை விட்டு வந்தது ஆபரேஷனைத் தள்ளிப்போட்டதற்காக இல்லை. கண்ணைத் திறந்தபோது உங்கள் முகம் அங்கே இல்லை. அதற்காகத்தான் வந்தேன். மூன்று வருடமாக இதை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

28-ஆம் தேதி அந்தப் பறவை கண் திறக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கோயிலுக்குப் போகக் கூடாது, டீக்கடைக்குப் போகக் கூடாது, முழங்கால் போடக் கூடாது. அது விழித்தாலும் சரி, விழிக்காவிட்டாலும் சரி, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். உங்களால் முடியாது என்றால் இப்போதே எழுதிவிடுங்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு நான் வருகிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வரிகூட உங்களுக்கு எழுத மாட்டேன்.

வியாகுலமேரி

*

சிதம்பரம்
28 மார்ச் 2025

வியாகுலத்துக்கு,

இருந்தேன்.

ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். விடிந்ததும் தினையும் முருங்கைக் கீரையும் வைத்தேன், வயிறு நிறையச் சாப்பிட்டார். ஏழு மணிக்குத் தட்டை எடுத்தேன். அப்புறம் நானும் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டேன். தவக்கால வெள்ளியில் காலை இட்லி! எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப் போவதில்லை. பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

சின்ன டப்பாவில் துண்டு விரித்து, மேலே துணி போட்டு மூடி, நடந்தே கொண்டுபோனேன். ஆட்டோவில் குலுங்கும். டாக்டர் எடை பார்த்துவிட்டு, "இப்பொதான் சரியா இருக்காரு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. துண்டில் சுற்றியபோது அவர் அடம் பிடிக்கவில்லை. பழக்கியது நான்.

உள்ளே ஒரு கண்ணாடிக் கதவு. "வெளிய இருக்கீங்களா, கண்ணாடி வழியா பாக்குறீங்களா?" என்றார். வெளியே போகிறேன் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தலைமேல் சின்னக் குப்பி மாதிரி ஒரு முகமூடியை வைத்தார்கள். பிஷப் ஒரு தடவை திமிறினார், கொண்டை எழும்பியது, பிறகு மெல்லப் படிந்தது. கண் மூடிவிட்டது. வியாகுலம், அந்தக் கொண்டை படிந்தபோது நான் ஐந்து வயசுப் பிள்ளையாகிவிட்டேன். முழங்கால் இரண்டும் தரையைத் தேடின. நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். செபம்கூட வரவில்லை. எனக்கு மாதா மேலேயே கோபம் வந்தது. "அம்மாவ எடுத்துகினே, இவர வுடு" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். டாக்டர் திரும்பிப் பார்த்தார். "மூச்சு நல்லா வந்துகினு இருக்கு ஐயா" என்றார். அதன் பிறகு பிஷப்புடைய நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை.

கட்டியோடு சிறகு நுனி போய்விட்டது. இனி உயரப் பறக்க முடியாதாம். கட்டிலிலிருந்து பீரோ வரை போதும் என்று டாக்டரிடம் சொன்னேன். அவருக்கு அதற்கு மேல் எங்கே வேலை?

வாயுவை நிறுத்திய பிறகு துண்டில் சுற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டார். "நிமுத்தி புடிங்க. தலை தொங்க வுடாதீங்க. பேச்சு குடுங்க" என்றார். என்ன பேசுவது? வியாகுலத்துக்குப் பரீட்சை, அதனால் வரவில்லை என்று சொன்னேன். இமை அசைந்தது. ஒரு கண் திறந்தது. என்னைப் பார்த்தார். அடுத்த நொடி என் கட்டைவிரலைக் கவ்வி ரத்தம் வரக் கடித்துவிட்டார். வலிக்கவே இல்லை. நான் அழுதேன், கலைமணியிடம் சொன்னது போல இல்லை என்று மறுக்க மாட்டேன்.

இப்போது கீழ்க்கம்பில் உட்கார்ந்திருக்கிறார். தையலைக் கொத்தாமல் இருக்கப் பழைய எக்ஸ்ரே பிலிமை வட்டமாக வெட்டிக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். அதையும் போட்டுக்கொண்டு கொண்டையையும் விரித்து உட்கார்ந்திருக்கும்போது இப்போதுதான் முழு பிஷப். என் மேலும் டாக்டர் மேலும் அவருக்குக் கடும் கோபம்.

புறப்படும்போது வெண்மதி டாக்டர், "ஐயா, வந்ததுலேர்ந்து அடிவயித்த புடிச்சிகினே இருக்கீங்களே, இன்னா?" என்று கேட்டார். வாயு என்று சொன்னேன்.

சந்தியாகு

*

மஞ்சக்குப்பம்
31 மார்ச் 2025

என்னங்க,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். கலைமணியைக் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

இருந்தேன் என்ற ஒரு வார்த்தை போதும். பிஷப் உங்களைக் கடித்ததில் எனக்குப் பரம சந்தோஷம். கண் திறந்ததும் கடிக்கத் தெரிந்த உயிர் பிழைத்துக்கொள்ளும். நானும் அன்றைக்குக் கடித்திருப்பேன், விரல்தான் கிடைக்கவில்லை.

சரி. இப்போது அந்த வாயுவுக்கு வருவோம்.

சேர் தூக்கிச் சேர் தூக்கிக் குடல் இறங்கி ஆறு வருடம் ஆகிறது. பெல்ட் கட்டி அதை உள்ளே தள்ளிக்கொண்டு திரிகிறீர்கள். குமராட்சியில் இழுத்தது என்று எழுதினீர்கள். லால்பேட்டைக்குப் பிறகு படுத்துக்கொண்டு எழுதினீர்கள். இப்போது ஒரு குருவி டாக்டரே கண்டுபிடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது. குடல் ஒரு நாள் மாட்டி முறுக்கிக்கொண்டால் பந்தல் கம்புகளுக்கு நடுவிலேயே விழுந்து கிடப்பீர்கள். தூக்க ஆள் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன், என்னை அறுத்த டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். அவர் ஒரு சர்ஜனைக் காட்டினார். அவரிடமும் பேசிவிட்டேன்.

கடலூர் ஆஸ்பத்திரியில் ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை. உங்கள் முடியட்டும்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால்தான் தவக்காலம் முடிந்து, பெரிய வெள்ளி முடிந்து, பாஸ்காவும் முடிந்து நாள் வாங்கியிருக்கிறேன். ஷாலினிக்குப் பிரசவம் எதுவும் இல்லை, கேட்டுவிட்டேன். கல்யாண ஆர்டர் இருந்தால் வேறு பந்தல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் சேரில் உட்காராவிட்டாலும் தாலி ஏறும்.

உங்களுக்காக நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்கள் வயிறு, உங்கள் கையெழுத்து. உங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவும் மாட்டேன். பயமாக இருக்கிறதென்றால் பயத்தோடே வாருங்கள், நான் போனபோதும் பயத்தோடுதான் போனேன். உள்ளங்கை நிறையாத ஒரு பறவை முகமூடிக்குள் தலையைக் கொடுத்துவிட்டு எழுந்து உங்களைக் கடித்திருக்கிறது. உங்களுக்கு என்ன கேடு?

திரும்பி வருகிறேன் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அதைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் முடிவு செய்யவில்லை, செய்தால் நானே சொல்வேன். ஆனால் 29-ஆம் தேதி உங்களை உள்ளே கொண்டுபோகும்போது நான் அந்தக் கதவுக்கு வெளியே இருப்பேன். நீங்கள் கண் திறக்கும்போது கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பேன். எனக்கு வேளாங்கண்ணியில் வேலை இல்லை.

முடியாது என்றால் பிஷப்புக்குத் தையல் பிரித்ததும் கலைமணியிடம் கொடுத்து அனுப்பிவிடுங்கள். கடிதம் எதுவும் வைக்க வேண்டாம். வெறும் கூண்டு வந்தாலே எனக்குப் புரிந்துவிடும்.

வியாகுலம்

*

சிதம்பரம்
13 ஏப்ரல் 2025, குருத்து ஞாயிறு

வியாகுலம்,

பிஷப்புக்கு நேற்று தையல் பிரித்தாயிற்று. காலரையும் கழற்றிவிட்டார்கள். காலையில் கோயில் மணிக்கு விசில் அடித்தார். கட்டிலிலிருந்து பீரோவுக்குப் பறந்தார், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கூண்டை அனுப்பவில்லை. அனுப்ப மாட்டேன்.

கையெழுத்தை நானே போடுகிறேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்க வேண்டாம். மொட்டை போடவும் மாட்டேன், எண்ணெய்ச் சீசாவும் கொண்டுவர மாட்டேன். பயம் இருக்கிறது. அதையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

ஆஸ்பத்திரிக்கு வரும்போது பிஷப்பை நானே கொண்டுவந்து உன் விடுதியில் விடுகிறேன். வீடு திரும்பி நான் படுத்துக் கிடக்கும் நாட்களில் அவருக்கு இரை வைக்க ஆள் வேண்டும். கலைமணி வீட்டில் பூனை இருப்பதை நீயே எழுதியிருக்கிறாய். வீட்டுப் பூட்டை நான் மாற்றவில்லை. உன்னிடம் இருக்கிற சாவியே சேரும்.

முந்தின நாள் எத்தனை மணியிலிருந்து நான் சாப்பிடக் கூடாது என்று டாக்டரைக் கேட்டுத் தெளிவாக எழுது. ஒரு நிமிஷம் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

சந்தியாகு